நீலத் தொட்டிக்கு எது போகும், எது போகாது? வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் கடைவீதி ஆகிவிடும். யீஷூனில் ஒருவர் முறுக்கு போடுவார், உட்லண்ட்ஸில் ஒருவர் அதிரசம், பொங்கோலில் ஒருவர் இட்லிப் பொடி. இடையிடையே சேலையும் கவரிங் நகையும் வரும். அண்மைக் காலமாக விலைக்குக் கீழே இன்னொரு வரியும் சேர்ந்துகொண்டிருக்கிறது: ‘எங்கள் பை 100 விழுக்காடு மக்கக்கூடியது’, ‘மறுசுழற்சிக்கு உகந்தது’. எழுதுபவர் பொய் சொல்லவில்லை. பை விற்ற கடைக்காரர் அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார். ஆனால் அந்தப் பை இந்தத் தீவில் மக்கப்போவது கிடையாது. பெரும்பாலும் மறுசுழற்சிக்கும் போகாது.

வாங்குகிறவர் வீட்டிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. டப்பாவைக் கழுவ வேண்டுமா? மூடியைக் கழற்ற வேண்டுமா? அடியில் முக்கோணம் இருந்தால் போதுமா? பத்து பேரைக் கேட்டால் பத்து பதில் வரும். பதினோராவது ஆள், “எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு எரிக்கத்தான் போறாங்க, விடுங்க” என்பார். இந்தக் கட்டுரை இரு தரப்புக்கும். நுட்பக் கணக்குகளுக்குள் போகாமல், ஒரு பொட்டலம் பிரிக்கப்பட்ட பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

நாணயம் மாற்றும் கடையும் நீலத் தொட்டியும்

சிராங்கூன் சாலையில் நாணயம் மாற்றும் கடைக்கு ஒரு கட்டு வெளிநாட்டுப் பணம் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே நல்ல பணம்தான். ஆனால் கடைக்காரர் முதலில், இது எந்த நாட்டு நோட்டு என்று பார்த்தவுடன் தெரிகிறதா என்று பார்ப்பார். அடுத்து, கிழிந்தோ கறைபட்டோ இருக்கிறதா என்று புரட்டுவார். கடைசியாக, இதைத் தன்னிடமிருந்து வாங்க ஆள் இருக்கிறதா என்று யோசிப்பார். சில்லறைக் காசாக இருந்தால் தொடவே மாட்டார். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும், உங்கள் கையில் இருப்பது இன்னொரு நாட்டில் செல்லும் பணமே தவிர, இந்தக் கடையில் செல்லாது.

மறுசுழற்சியும் இப்படித்தான். பயன்படுத்தி முடித்த பொருளை மூலப்பொருளாக மாற்றி மறுபடியும் ஏதாவது செய்வதுதான் மறுசுழற்சி. ‘மறுசுழற்சி செய்யக்கூடியது’ என்று ஒரு பையில் அச்சிட்டிருந்தால், எங்கோ ஓர் இடத்தில், ஏதோ ஓர் இயந்திரத்தால் அது முடியும் என்பது மட்டுமே பொருள். மறுசுழற்சிப் பொருள்களுக்கென்று நம் புளோக்கின் கீழே நிற்கும் நீலத் தொட்டியில் போட்டால் நடக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு இங்கேயும் மூன்று சோதனைகள் உண்டு: பிரிக்கும் இடத்தில் இது இன்னது என்று அடையாளம் தெரிய வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், காசு கொடுத்து வாங்க ஓர் ஆலை இருக்க வேண்டும்.

எனவே ஒரு பை ‘நல்ல பையா’ என்று தனியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஊரில், எந்த நிலையில், எந்தத் தொட்டிக்குப் போகிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தொட்டிக்குள் போட்ட பிறகு

சிங்கப்பூரின் தேசிய மறுசுழற்சித் திட்டம் 2001இல் தொடங்கியது. இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலத் தொட்டி இருக்கிறது. 2014க்குப் பிறகு திட்டமிடப்பட்ட புதிய புளோக்குகளில், குப்பை போடும் குழாய்க்குப் பக்கத்திலேயே மறுசுழற்சிப் பொருளுக்கென்று தனிக் குழாயும் உண்டு.

இங்கே பின்பற்றப்படுவது கலப்புச் சேகரிப்பு. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் என நான்கையும் ஒரே தொட்டியில் போடலாம், பிறகு ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். ஜப்பான் போல வீட்டில் ஏழெட்டுப் பை கட்டித் தொங்கவிடும் வேலை நமக்கு இல்லை. வசதிதான், ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. யாரோ ஒருவர் பாதி குடித்த பபிள் டீயை, அடியில் ஜவ்வரிசியும் பாலும் தேங்கியபடி, அப்படியே உள்ளே தள்ளிவிட்டுப் போகிறார். கோப்பை சாய்கிறது. கீழே கிடக்கும் அட்டைப்பெட்டி, செய்தித்தாள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பழைய பள்ளித்தாள் எல்லாம் நனைகின்றன. நனைந்து இனிப்பேறிய தாளில் ஒரு நாள் வெயிலுக்குள் புளிப்பு வாடை ஏறிவிடும், எறும்பும் கரப்பானும் வந்துவிடும். ஒரு கோப்பை, சுற்றியுள்ள பத்துப் பொருளையும் கெடுத்துவிடுகிறது.

நல்ல பொருளோடு கலந்து அதைக் கெடுக்கும் எதையும் இத்துறையில் மாசு என்கிறார்கள். உணவு, எண்ணெய், திரவம், தொட்டிக்குச் சம்பந்தமில்லாத பொருள் என எல்லாமே இதில் அடக்கம். நீலத் தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு, மாசு காரணமாகவோ பொருள் தவறானதாக இருப்பதாலோ மறுசுழற்சிக்கு ஆகாமல் போகிறது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது.

“எல்லாம் ஒரே லாரியில்தான் போகிறது” என்ற பேச்சு சரியல்ல. நீலத் தொட்டியை எடுக்க வருவது தனி வண்டி. அது பிரிப்புக் கூடத்துக்குப் போகிறது. அங்கே எல்லாம் ஓடும் பட்டையில் கொட்டப்படும். தொழிலாளர்கள் இரு பக்கமும் நின்று, போர்வை, செருப்பு, உடைந்த பொம்மை போன்றவற்றைக் கையால் பொறுக்கி எறிவார்கள். இரும்பு, தகரக் கேன்களைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். நவீனக் கூடங்களில் பிளாஸ்டிக்கை வகை பிரிக்க அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அந்த ஒளியை ஒவ்வொரு விதமாகத் திருப்பும். அதை வைத்துக் கருவி அடையாளம் கண்டு, காற்றை ஊதித் தனியே தள்ளும்.

இங்கேதான் கருப்பு டப்பா மாட்டிக்கொள்கிறது. பிரியாணிக்கு நாம் வாங்கும் அந்தக் கருப்பு அடிப்பாகத்தில் நிறத்துக்காகக் கரித்தூள் கலந்திருக்கும். கரி அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், திரும்பி எதுவும் வராது. கருவியைப் பொறுத்தவரை பட்டையில் அந்த இடம் காலி. அதே பிளாஸ்டிக்கில் செய்த தெளிவான மூடி தேறிவிடும், கருப்பு அடி தேறாது. விற்பவர்கள் இதை ஒன்று மட்டும் நினைவில் வைத்தாலே பாதி லாபம்: விலை ஒன்றாக இருந்தால் தெளிவான டப்பாவை வாங்குங்கள்.

பிரித்தவை கட்டுக்கட்டாக அழுத்தப்பட்டு விற்கப்படும். தாள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆலைகளுக்குக் கப்பலேறுகிறது. கப்பல் கட்டணம் ஏறினாலோ அங்கே தேவை குறைந்தாலோ, சுத்தமான தாளுக்கும் கிராக்கி விழும். வீட்டு மறுசுழற்சி விகிதம் 2018இல் 22 விழுக்காடாக இருந்தது, 2024இல் 11 விழுக்காடு. இதை வீட்டுக்காரர்களின் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வாங்குபவர் தயங்கியதும் ஒரு காரணம். 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியபோது உலகம் முழுவதும் இந்தச் சந்தை ஆட்டம் கண்டதையும் சேர்த்துப் பாருங்கள்.

தேறாதவை எரியாலைக்குப் போகின்றன. குப்பையை எரித்து, அந்த வெப்பத்தில் மின்சாரம் எடுக்கும் ஆலை அது. எரித்த பிறகு கொள்ளளவு சுமார் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். மிஞ்சும் சாம்பல் படகில் ஏறி, புலாவ் செமாக்காவ் தீவில் 1999இல் திறக்கப்பட்ட நிரப்புநிலத்தில் கொட்டப்படுகிறது. அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஒரே தொட்டியில் போடலாம், ஆனால் ஈரமும் எண்ணெயும் மற்றதையும் கெடுக்கும். அடையாளம் தெரியாதது கழியும். வாங்க ஆள் இல்லாததும் கழியும். கழிவது எரியும், எரிந்தது சாம்பலாகித் தீவுக்குப் போகும்.

முக்கோணத்தை நம்பலாமா?

டப்பாவின் அடியில் அம்புகளால் ஆன முக்கோணம், நடுவே ஒரு எண். பலரும் இதை ‘மறுசுழற்சி முத்திரை’ என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இது பிசின் எண். எந்த வகைப் பிளாஸ்டிக் என்று ஆலைக்காரர்களுக்குச் சொல்லும் குறியீடு, அவ்வளவுதான். 1988இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் துறையினரே இதைக் கொண்டுவந்தார்கள். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று, 2013இல் அந்தத் தரநிலையில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். ஆனால் பழைய அச்சுகள் உலகெங்கும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

1 என்றால் தண்ணீர்ப் போத்தல் செய்யும் ‘பெட்’. 2 என்றால் சலவைத்திரவப் போத்தல் போன்ற கெட்டியான பாலிஎத்திலீன். 4 மெல்லிய பைகள். 5 சாப்பாட்டு டப்பாக்களின் பாலிபுரொப்பிலீன். 6 பாலிஸ்டைரீன், அதை நுரையாக ஊதினால் அதுதான் ஸ்டைரோஃபோம். 7 என்றால் ‘மற்றவை’, அதாவது எதுவாகவும் இருக்கலாம். ஸ்டைரோஃபோம் டப்பாவிலும் முக்கோணம் இருக்கும், ஆனால் நீலத் தொட்டியில் அதற்கு இடமில்லை. எண் இருக்கிறதே என்று போட்டால் கழித்துத்தான் எறிவார்கள்.

இன்னொரு முத்திரை, இரண்டு அம்புகள் ஒன்றையொன்று தழுவும் பச்சை வட்டம். ஐரோப்பாவிலிருந்து வரும் பிஸ்கட் பெட்டியிலும் சாக்லேட் உறையிலும் பார்த்திருப்பீர்கள். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பிறந்தது. பொருளை விற்கும் நிறுவனம் அங்கே பொட்டலக் கழிவைச் சேகரிக்கக் கட்டணம் கட்டியிருக்கிறது என்பதற்கான ரசீது என்று வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அதற்கு எந்த வேலையும் இல்லை. சில உள்ளூர் விற்பனையாளர்கள் அழகாக இருக்கிறது என்று தங்கள் ஸ்டிக்கரிலும் அதை அச்சிட்டுக்கொள்கிறார்கள். பதிவு செய்யப்பட்ட முத்திரை அது, எடுத்துப் போடாமல் இருப்பது நல்லது.

மக்கும் பை ஏன் இங்கே மக்காது?

விற்பவர்களிடம் அதிகம் பணம் பிடுங்குவது இந்த ஒரு வார்த்தைதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘மக்கக்கூடிய பிளாஸ்டிக்’ என்று விற்கப்படுபவற்றில் பல, மக்காச்சோளம் போன்ற பயிரின் மாவுச்சத்திலிருந்து செய்த பொருள். இது மக்க வேண்டுமானால் தொழிற்கூட உரமாக்கல் வேண்டும். அதாவது வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் கட்டுப்பாட்டில் வைத்துக் கழிவை உரமாக்கும் ஆலை. ஐரோப்பியத் தரநிலைப்படி சோதிக்கும்போது சுமார் 58 பாகை வெப்பத்தில், 12 வாரத்துக்குள் துண்டு துண்டாகச் சிதைந்திருக்க வேண்டும். பூந்தொட்டி மண்ணில் அந்தச் சூடு வராது, கடலிலும் வராது.

இங்கே வீட்டுக் குப்பையில் போட்டால் அது போவது எரியாலைக்கு. சாதாரணப் பை எரியும் அதே அடுப்பில், அதே நாளில் எரியும். மக்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. நிரப்புநிலத்தில் குப்பையை அப்படியே புதைக்கும் நாடுகளின் விளம்பரத்தை, எரிக்கும் நாட்டில் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறோம். ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மக்கும் பொருளுக்கோ தாளுக்கோ மாறுவதால் மட்டும் சிங்கப்பூர்ச் சூழலில் நன்மை கூடிவிடாது என்று வாரியமும் சொல்லி வருகிறது.

சரி, நீலத் தொட்டியில் போட்டால்? அது இன்னும் மோசம். தெளிவான மக்கும் கோப்பை பார்வைக்கு ‘பெட்’ போலவே இருக்கும். ஆலையில் பிளாஸ்டிக்கைச் சில்லுகளாக நறுக்கித் தண்ணீரில் போட்டு, மிதப்பது ஒரு பக்கம், மூழ்குவது ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். ‘பெட்’ மூழ்கும், மூடியின் பாலிபுரொப்பிலீன் மிதக்கும். அதனால்தான் போத்தலின் மூடியைக் கழற்றாவிட்டாலும் பெரிய பாதகம் இல்லை. ஆனால் மக்கும் கோப்பையின் சில்லும் ‘பெட்’ கூடவே மூழ்கிவிடும். ‘பெட்’ உருக 250 பாகைக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் மக்கும் பொருள் கருகி, உருகிய பிளாஸ்டிக் முழுவதையும் மஞ்சளாக்கிப் பலவீனப்படுத்தும். நல்லெண்ணத்தோடு கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கோப்பை, பக்கத்துப் போத்தலையும் கெடுத்துவிடுகிறது.

தாளுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். தாள் எரியும்போது வெளியாகும் கரியமில வாயு மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்தது, பிளாஸ்டிக்கின் கரியமில வாயு பெட்ரோலியத்திலிருந்து வருவது. இது உண்மையான வேறுபாடுதான். ஆனால் அதே பொருளைச் சுமக்கும் தாள்பை, பிளாஸ்டிக் பையைவிடப் பல மடங்கு கனமாக இருக்கும். செய்ய அதிகத் தண்ணீர், கொண்டுவர அதிக எரிபொருள். அதோடு நம் வீடுகளில் பிளாஸ்டிக் பைக்கு இரண்டாவது வாழ்க்கை உண்டு. குப்பையைக் கட்டித்தானே குழாயில் போட வேண்டும்! அந்த வேலைக்குத் தாள்பை உதவாது.

சுருக்கம்: முக்கோணம் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறது, போகும் இடத்தை அல்ல. ‘மக்கும்’ என்பது உரமாக்கும் ஆலை இருக்கும் ஊரில் செல்லும் சொல், இங்கே எரியும் பொருளுக்கு ஒட்டிய பெயர். மக்கும் பிளாஸ்டிக்கை நீலத் தொட்டியில் போடக்கூடாது.

ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம்

என் வீட்டுக்கு வந்த ஒரு முறுக்குப் பொட்டலத்தை வரிசையாகக் கழற்றிப் பார்த்தேன். வெளியே கூரியர் உறை: வெளிப்பக்கம் பழுப்புத் தாள், உள்பக்கம் குமிழ்ப் பிளாஸ்டிக். பார்க்கத் தாள் போல, ‘பசுமை’ போல இருக்கும். ஆனால் இரண்டும் பசையால் ஒட்டியிருப்பதால் தாள் ஆலைக்கும் வேண்டாம், பிளாஸ்டிக் ஆலைக்கும் வேண்டாம். நகத்தால் பிய்த்தெடுத்தால் தாள் தாளாகப் பிரியும். எத்தனை பேர் சோபாவில் உட்கார்ந்து பிய்க்கப்போகிறார்கள்?

உள்ளே நிற்கும் வகைப் பை, பழுப்புத் தாள் முகப்பு, நடுவில் தெளிவான ஜன்னல், மேலே ஜிப். ஒரு மூலையைக் கிழித்தேன். தாள் கிழிந்தது, அதன் அடியிலிருந்து வெள்ளிப் படலம் ஒன்று கிழியாமல் இழுபட்டு நீண்டது. இதுதான் பல்லடுக்குப் படலம்: தாள், பிளாஸ்டிக், உலோகப் பூச்சு எனப் பல பொருள்களை ஒட்டிச் செய்த ஒரே தாள். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டும் இதே இனம். நீலத் தொட்டி ஏற்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. கிழித்துப் பாருங்கள்: தாள் போலக் கிழிந்தால் தாள், நடுவில் எதுவோ இழுபட்டால் கலப்பு. வெள்ளியாக மின்னுவதைக் கையில் கசக்கிவிட்டு விடுங்கள்: கசங்கியபடியே கிடந்தால் அலுமினியத் தாள், சரசரவென்று மறுபடி விரிந்தால் உலோகப் பூச்சு பூசிய பிளாஸ்டிக்.

இதற்காக அந்த விற்பனையாளரைக் குறை சொல்ல மாட்டேன். முறுக்கின் எதிரிகள் ஈரமும் காற்றும். ஈரம் பட்டால் நமத்துப்போகும், காற்று பட்டால் எண்ணெய் காறிப்போகும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெறும் தாள்பையில் கொடுத்தால் இரண்டு நாளில் ரப்பர் மாதிரி ஆகிவிடும். முறுக்கு குப்பைக்குப் போனால், அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ், ஒரு அம்மாவின் முழு மதியம் எல்லாமே குப்பைக்குப் போனது போல. பொட்டலத்தின் முதல் கடமை உள்ளே இருப்பதைக் காப்பதுதான். அதைச் செய்யாத ‘பசுமை’ப் பொட்டலத்தால் ஒரு பயனும் இல்லை.

அப்படியானால் எதில் போட்டு விற்பது?

பொதுவான வழி ஒன்று: ஒற்றைப்பொருள் பொட்டலம். முழுவதும் ஒரே பொருளால் ஆனது, அல்லது கையால் எளிதில் பிரியக்கூடிய இரண்டு பொருளால் ஆனது. எடை குறைவாக, முடிந்தால் வாங்கியவர் மறுபடி பயன்படுத்தும்படி இருந்தால் இன்னும் நல்லது. இந்த வரிசைகூட முக்கியம்: குறைப்பது முதலில், மறுபடி பயன்படுத்துவது அடுத்து, மறுசுழற்சி அதற்கும் பிறகு.

முறுக்கு, பலகாரத்துக்கு நம்மிடம் ஏற்கனவே நல்ல விடை இருக்கிறது: சிவப்பு மூடி போட்ட தெளிவான டப்பா. சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வீடு வீடாகச் சுற்றும் அதே டப்பாதான். முறுக்கு தீர்ந்ததும் அதில் கடலைப்பருப்பு குடியேறும், அப்புறம் தையல் நூல். ஒரே புளோக்கிலோ பக்கத்துப் பேட்டையிலோ விற்பவர்கள், டப்பாவைத் திருப்பித் தந்தால் அடுத்த ஆர்டரில் 50 காசு குறைப்பு என்று வைத்துப் பார்க்கலாம். ஆனால் வந்த டப்பாவை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்துத்தான் நிரப்ப வேண்டும். கீறலில் எண்ணெய் வாடை தங்கியிருந்தால் உணவுக்கு வேண்டாம். ஒரு வாரத்துக்குள் தின்று தீர்க்கும் அளவென்றால் கெட்டியான, பூச்சில்லாத பிளாஸ்டிக் பையை இறுக்கி ஒட்டினாலே போதும். வெள்ளிப் பூச்சுப் பை மாதக்கணக்கில் வைக்க வேண்டிய பொடிகளுக்கு இருக்கட்டும்.

ஊறுகாய்க்கு எப்போதும் கண்ணாடிதான். எண்ணெயும் புளிப்பும் சேர்ந்த பொருளுக்கு அதைவிட நம்பிக்கையான கலம் இல்லை. கனம்தான் அதன் குறை. கூரியரில் அனுப்பினால் உடையாமல் இருக்கச் சுற்றும் குமிழுறையே ஒரு பொட்டலம் ஆகிவிடும். நேரில் கொடுக்க முடிகிறவர்களுக்குக் கண்ணாடி, அஞ்சலில் போவதற்குக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சேலை, சுடிதார் விற்பவர்களுக்குப் பெட்டியே தேவையில்லை. துணி உடையாது. மெல்லிய பிளாஸ்டிக் கூரியர் பை ஒன்று போதும், எடையும் குறைவு, மழைக்கும் தாங்கும். அதற்குள் இன்னொரு பளபளப்புப் பை, அதற்குள் ஒரு அட்டை, அதற்குள் டிஷ்யூ தாள், மேலே நன்றி அட்டை என்று அடுக்குவது படம் எடுத்துப் போட மட்டும்தான் உதவுகிறது. இரண்டு ஒட்டுப்பட்டை வைத்த கூரியர் பைகள் கிடைக்கின்றன, அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புபவர் அதே பையை இரண்டாம் முறை ஒட்டலாம்.

நகைக்கு வெல்வெட் பெட்டி என்பது அட்டை, துணி, நுரை, பசை, சில நேரம் காந்தம். எதுவும் எதிலிருந்தும் பிரியாது. சின்னச் சுருக்குப் பையில் போட்டுக் கொடுங்கள், யாரும் தூக்கி எறிவதில்லை. (துணியும் நீலத் தொட்டிக்குப் போகாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

அட்டைப்பெட்டி வேண்டுமென்றால் புதிதாக வாங்கும் முன் பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்கள். பழைய பெட்டியில் இருக்கும் பட்டைக்குறியீட்டை மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் கூரியர்க் கருவி பழைய முகவரியைப் படித்துக் குழம்பும். காய்ந்த, எண்ணெய் படாத அட்டைக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் கரங்குனிக்காரரும், தள்ளுவண்டியில் அட்டை சேர்க்கும் முதியவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். ஒரே பொருள், காய்ந்த பொருள் என்பதுதான் காரணம்.

வீட்டில் தினமும் எழும் கேள்விகள்

கழுவ வேண்டுமா? காலி செய்து, ஒட்டியிருப்பது போக ஒரு அலசு அலசினால் போதும். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரை வீணாக்க வேண்டாம். தாளுக்கு மட்டும் அலசல் கிடையாது. எண்ணெய் பட்ட தாள், நெய் ஊறிய இனிப்புப் பெட்டி எல்லாம் நேராகக் குப்பைக்கு. தாளைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கித்தான் புதுத்தாள் செய்கிறார்கள், எண்ணெய் தண்ணீரில் கரையாது. மைசூர்பாகுப் பெட்டியின் மூடி சுத்தமாக இருந்தால் மூடியை மட்டும் கிழித்துப் போடலாம்.

டிஷ்யூ, ஸ்டைரோஃபோம், உடைந்த பீங்கான், மின்விளக்கு, பழைய உடை, பொம்மை ஆகியவை வேண்டாம். மின்கலத்தையும் பழைய கைப்பேசியையும் மின்கழிவுக்கென்று இருக்கும் தனிப் பெட்டிகளில் போடுங்கள். லித்தியம் மின்கலம் நசுங்கினால் வண்டிக்குள்ளேயே தீப்பிடிக்கலாம். சுத்தமான பிளாஸ்டிக் பை, குமிழுறை ஆகியவை போடலாம். அலசிய பால், பழச்சாற்று அட்டைப்பெட்டிகளும் போடலாம். சந்தேகமான பொருளுக்கு வாரியத்தின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள்.

சட்டம் சின்ன வியாபாரியைத் தொடுமா?

பெரும்பாலும் இல்லை. பொட்டலங்களின் கணக்கை அரசாங்கத்திடம் சமர்ப்பிக்கும் கடமை, ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு. 2023 ஜூலை 3 முதல் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குவது பெரிய பேரங்காடிகளுக்கு. முறுக்குக்காரர் இரண்டிலும் வரமாட்டார்.

ஒரு விதி மட்டும் சிலரைத் தொடலாம். பானப் போத்தல், கேன் ஒவ்வொன்றுக்கும் 10 காசு வைப்புத்தொகை வைத்து, காலியைத் திருப்பித் தந்தால் அந்தக் காசைக் கொடுக்கும் திட்டத்தின் தொடக்க நாள் 2026 ஏப்ரல் 1. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல்களும் உலோகக் கேன்களும் இதில் வரும். தமிழ்நாட்டிலிருந்து பன்னீர் சோடா, மாம்பழச் சாறு என்று பெட்டிபெட்டியாக இறக்குமதி செய்து விற்பவர், திட்டத்தின் கண்ணில் ‘தயாரிப்பாளர்’. அளவு சிறியது என்று நினைத்து இருந்துவிடாமல் பதிவு விவரங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. காசு கிடைக்கும் காலிப் போத்தலை நீலத் தொட்டியில் போடாமல் திருப்பித் தரும் இடத்துக்கே கொண்டுபோகலாம். அங்கே போத்தல் மட்டும் தனியாகச் சேர்வதால் பபிள் டீயில் நனையாது.

ஸ்டிக்கரில் என்ன எழுதுவது?

‘100 விழுக்காடு பசுமை’ வேண்டாம். வாங்கியவர் கையில் பொட்டலத்தோடு நிற்கும்போது அவருக்கு உதவுவது அடுத்து என்ன செய்வது என்ற ஒரு வரிதான். டப்பாவுக்கு: ‘டப்பாவும் மூடியும் பிளாஸ்டிக். மறுபடி பயன்படுத்துங்கள், அல்லது அலசி நீலத் தொட்டியில் போடுங்கள்.’ வெள்ளிப் பூச்சுப் பைக்கு: ‘இந்தப் பை கலப்புப் பொருள். குப்பையில் போடுங்கள்.’ இரண்டாவதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். எழுதிவிடுங்கள். ஸ்டிக்கரைச் சிறியதாக வைத்து, டப்பாவைச் சுற்றி முழுக்க ஒட்டாமல் மூடியின் மேல் ஒட்டுங்கள், பிரிக்கும் கருவிக்கு அடிப்பிளாஸ்டிக் தெரிய வேண்டும்.